எருக்குழிக் கணக்கு

சென்ற ஆண்டு இடவப்பாதி மழை பிடித்த மூன்றாம் வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அண்டை வீட்டு டீச்சரம்மா ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார்கள். அவர்கள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கரமனையில் நாங்கள் குடியேறிய நாள்தொட்டு எங்களுக்கு உற்ற துணையாய் இருப்பவர்கள். தண்ணீர் இளமஞ்சள் நிறமாய் இருந்தது. எடுத்து முகர்ந்தேன், தொழுவத்தின் வாடை வீசிற்று. "கிணற்றிலே கோரிய வெள்ளமாணு, மோனே" என்று மட்டும் கூறிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

எங்கள் மனை 8 சென்ட். வீடு போக எஞ்சிய வடகிழக்கு மூலையில் தொழுவம். அதையொட்டிச் சாணக் குப்பை. மதிலுக்கு அப்பால் பத்தடியில் டீச்சரம்மாவின் கிணறு. என் அன்னையார் நாஞ்சில் நாட்டைவிட்டு இவ்வூருக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்துடன் ஒரு பசுவையும் கொண்டுவந்தார்கள். அது பின்னர் இரண்டாயிற்று. கோட்டையிலும் சாலையிலும் கரமனையிலும் வாழும் நம்மவர் வீடுகளில் முன்பு இது அரிய காட்சியன்று. இன்று விரல்விட்டு எண்ணத்தக்கதாய்க் குறைந்துவிட்டது. மறுநாளே மாடுகளை விற்றுவிடலாம் என்று நான் துணிந்தேன். அன்னையாரிடம் சொன்னபோது, "மாடு என்ன தப்பு பண்ணிச்சு மக்களே?" என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு விடைதேடி நான் படித்தவையும், கேட்டறிந்தவையும், அலுவலகத்து எழுத்தனுக்கு இயல்பாகிய கூட்டல் கழித்தலும் சேர்ந்ததே இக்கட்டுரை.

ஊரில் சாணத்துக்கு ஓர் இடம் இருந்தது. நாள்தோறும் தொழுவத்திலிருந்து வாரியதை எருக்குழியில் கொட்டுவார்கள். அதன்மேல் சாம்பலும் சருகும் தின்னாது எஞ்சிய வைக்கோலும் விழும். கோடையில் வண்டி கட்டி அதனை வயலுக்கு அடிப்பார்கள். வயலில் விளைந்த வைக்கோல் மாட்டுக்கு வந்தது. மாட்டின் சாணம் வயலுக்குத் திரும்பியது. வயலில் கிடைத்தது வயலுக்கே போயிற்று என்பதால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்திருந்தன. தொழுவத்தின் தரை மண்தரை. ஆதலின் கோமியம் அம்மண்ணில் ஊறும். ஆண்டுக்கொருமுறை அம்மண்ணையே வெட்டியெடுத்து வயலில் போட்டுப் புதுமண் நிரப்புவார்கள். இதன் பொருள் அப்போது எனக்கு விளங்கியதில்லை.

இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் இதனினும் நுட்பமான ஒரு வழி உண்டு. அறுவடை முடிந்த தரிசில் ஆட்டுக்கிடை அமர்த்துவது. கோனார்கள் மந்தையை ஓட்டிவந்து இரவில் ஒரு வயலில் மறித்து வைப்பார்கள். மறுநாள் கிடையைச் சற்றுத் தள்ளி அமைப்பார்கள். நிலத்துக்குடையவர் முன்பு நெல்லாகக் கூலி அளந்தார். இப்போது பெரும்பாலும் பணமாகக் கொடுக்கிறார். இராமநாதபுரத்து மந்தைகள் காவிரிப் பாசன நாடு வரையிலும் இவ்வாறு நடந்து செல்வதுண்டு. இதில் எருவை அள்ளவேண்டா, சுமக்கவேண்டா, குவித்துவைக்கவும் வேண்டா. புழுக்கையும் சிறுநீரும் விழுந்த இடத்திலேயே மண்ணுக்கு உரிமையாகின்றன. பின்னர் உழுதால் கலந்துவிடுகின்றன.

"ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்னும் பழமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆட்டெருவில் தழைச்சத்து மிகுதி; நார் குறைவு; விரைவில் மக்கிப் பயிருக்குக் கிடைக்கிறது. மாட்டெருவில் வைக்கோலின் நார் மிகுதி. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொண்டு, மடிந்தபின்னரே பயிருக்கு விடுகின்றன. ஆதலால் அதன் பயன் பிந்தி வருகிறது. நம் பாட்டனார் இதனைச் சோதனைச்சாலையில் கண்டவரல்லர், வயலில் கண்டவர்.

இனி எங்கள் தொழுவத்தின் கணக்குக்கு வருகிறேன். ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு 15 கிலோ சாணமும், குறைத்து மதிப்பிட்டாலும் 8 லிட்டர் கோமியமும் கழிக்கிறது என்று கொள்வோம். இரண்டு பசுக்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 11 டன் சாணம். 5,800 லிட்டர் கோமியம். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 0.35 அளவு என்றால், சாணத்தில் 38 கிலோ. கோமியத்தில் நூற்றுக்கு 1 என்றால் 58 கிலோ. இக்காலத்து 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. எனவே எங்கள் இரண்டு மாடுகளும் ஆண்டுதோறும் நாலரை மூட்டை யூரியாவுக்கு ஈடான சத்தை அந்த மூலையில் இறக்கிக்கொண்டிருந்தன. அதிலும் பெரும்பங்கு நாம் எரு என்று மதிக்கும் சாணத்தில் இல்லை. குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி ஓடையில் விட்டுவிடும் கோமியத்தில் இருக்கிறது! ஊரில் தொழுவத்து மண்ணை வெட்டி வயலில் போட்டது ஏன் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான் விளங்கிற்று. நாகரிகம் என்று கருதி நாங்கள் போட்ட சிமெண்டுத் தரை, அந்தச் சத்தைக் காப்பாற்றாமல் கிணற்றுக்கு வழிகாட்டிற்று.

இவ்வளவு சத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1991-இல் ஒரு கட்டளை இயற்றின. நைட்ரேட்டினால் நீர்நிலைகள் கெடும் பகுதிகளில், ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஆண்டொன்றுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேற்பட்ட கால்நடை எருவை இடலாகாது என்பது அதன் வரம்பு. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் எங்கள் 96 கிலோவுக்கு 140 சென்ட் நிலம் வேண்டும். எங்களிடம் இருப்பதோ வீட்டையும் சேர்த்து 8 சென்ட். மாடு செய்த பிழை ஒன்றுமில்லை. புண்ணாக்கும் தவிடும் வைக்கோலும் வண்டியில் வந்து இறங்கின. அவற்றின் சத்து திரும்பிச் செல்ல வண்டி இல்லை. அதுவே பிழை.

ஹாலந்து நாட்டில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. சிறிய நாடு, கடல் கடந்து வந்திறங்கும் தீவனத்தை உண்ணும் மாடும் பன்றியும் கணக்கற்றவை. எருவிலிருந்து எழும் அம்மோனியா காற்றில் பரவிக் காடுகளிலும் புல்வெளிகளிலும் படிந்து அவற்றின் இயல்பைக் கெடுத்தது. 2019 மே மாதம் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், அதுவரை அரசாங்கம் அனுமதி வழங்கிவந்த முறை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிவந்து ஹேக் நகரத்துச் சாலைகளை நிறைத்துவிட்டார்கள். எருவின்றி மண் மெலியும் நம் நாட்டில் இருந்துகொண்டு, எரு மிகுந்ததனால் ஒரு நாடு கலங்குவதைப் படிக்கும்போது விந்தையாய் இருக்கிறது.

குவித்துவைத்த சாணத்துக்கு என்ன நேர்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கோமியத்தில் உள்ள யூரியாவோடு சாணத்தில் உள்ள ஒருவகை நொதி கலந்தவுடன் அம்மோனியா பிறக்கத் தொடங்கும். தொழுவத்தில் மூக்கை அரிக்கும் அந்த நெடி, சில மணி நேரத்திற்குள் காற்றில் பறந்துபோகும் தழைச்சத்தே. எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்துவைப்பதில்லை. மழைநீரோடு அது கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டுத் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் ஆற்றல் குன்றும். டீச்சரம்மாவின் பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வந்தபோது அந்த எண் 45-ஐக் கடந்திருந்தது. அந்தக் காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மழையில் ஊறிய குப்பையின் உட்புறத்தில் காற்று புகாது. அங்கே மீத்தேன் உண்டாகும். பாதி ஈரமும் பாதி உலர்வுமாய் இருக்கும் இடத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடு உண்டாகும். நூறாண்டுக் காலக் கணக்கில் பூமியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைக் காட்டிலும் முன்னது ஏறக்குறைய 28 மடங்கும், பின்னது சுமார் 270 மடங்கும் வலியன. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நம் நாட்டு மாடுகளால் எழும் மீத்தேனில் பெரும்பங்கு அவற்றின் ஏப்பத்தில் வருவது. எருவில் வருவது சிறுபங்கே. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவினம் மட்டும் 19 கோடிக்கு மேல். அவற்றின் ஏப்பத்தை நாம் நிறுத்த இயலாது. குப்பையைக் கூரைக்குள் கொண்டுவர இயலும்.

நம் நாட்டில் இது பற்றிய எண்ணம் பழையது. 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில், உழவர் சாணத்தை எரிப்பது அறியாமையாலன்று, விறகின்மையால் என்று எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவர் எரு மக்கவைக்கும் முறையை ஒழுங்குசெய்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-இல் நூலாக வெளியிட்டார். அம்முறையில் கோமியம் ஊறிய மண்ணுக்குத் தனி இடம் உண்டு. நாஞ்சில் நாட்டுத் தொழுவத்தில் செய்யப்பட்டது அங்கே நூலேறியது என்று எனக்குத் தோன்றுகிறது. அறிஞர்கள் என்னைப் பொறுத்தருள்க.

சாணத்தை எரிக்காமலே அதிலிருந்து நெருப்பைப் பெறும் வழி சாணவாயு. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இலேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்ததாகச் சொல்லப்படுகிறது. 1939-இல் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு சோதனை செய்தார். 1951-இல் ஜஷ்பாய் படேல், மிதக்கும் இரும்புத் தொப்பியுடன் கூடிய கலத்தை அமைத்தார். கதர்க் கமிஷன் பின்னர் அதனை ஊர்தோறும் பரப்பிற்று. 1981-இல் மத்திய அரசாங்கத்தின் திட்டம் வந்தது. 1984-இல் இரும்பே வேண்டாத தீனபந்து அமைப்பு வந்தது. காற்றில்லா இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீத்தேனாக்குதலே இவையனைத்தின் செயல். நான் பணிபுரியும் இரயில்வேயில், பெட்டிகளின் அடியில் தொங்கும் உயிரியல் கழிப்பறைத் தொட்டிகளிலும் இதே வகை உயிர்கள்தாம் வேலை செய்கின்றன. சம்பளமும் விடுப்பும் கேளாத ஊழியர்கள்!

ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். எங்கள் 30 கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சாணவாயு 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம் என்பர். கணக்குப்படி மாதத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். நம் தென்னாட்டு வெப்பத்தில் 30, 40 நாள் கலத்தில் கிடந்தாலே போதும். வடக்கே குளிர்நாட்டில் அதற்கு இன்னும் கூடுதலாய் வேண்டும். சிறிய கலங்களை அமைப்பவர்கள் இவ்வூரிலேயே இருக்கிறார்கள். சமையற்கழிவிலிருந்து வாயு எடுக்கும் கலங்களுக்காக 2007-இல் ஆஷ்டன் விருது பெற்ற பயோடெக் நிறுவனம் திருவனந்தபுரத்தைச் சேர்ந்ததே.

இங்கே நான் ஒரு பெரிய தவறு செய்ய இருந்தேன். வாயுக்கலம் அமைத்துவிட்டால் கிணறு தப்பிவிடும் என்று எண்ணினேன். நம்மில் பலருக்கும் இந்த மயக்கம் உண்டு. கலத்திலிருந்து வாயுவாய் வெளியேறுவது கரியும் நீரகமுமே. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பற்சத்தும் ஏறக்குறைய அப்படியே கூழில் தங்கிவிடுகின்றன. 30 கிலோ சாணத்தோடு 30 லிட்டர் தண்ணீர் கலந்து விட்டால், நாளொன்றுக்கு 60 லிட்டர் அளவுக்குக் கூழ் வெளிவரும். அதில் உள்ள தழைச்சத்து முன்னிலும் எளிதாய்க் கரையும் நிலையில் இருக்கும். அதனை அதே மூலையில் கொட்டினால் கிணறு முன்னிலும் விரைவாகக் கெடும். அன்றியும், கூழைத் திறந்த தொட்டியில் விட்டால் எஞ்சிய மீத்தேன் அங்கே வெளியேறும். கலத்தில் கசிவு இருந்தாலோ, அடுப்பில் எரிக்காமல் வாயுவைத் திறந்துவிட்டாலோ, கலம் இல்லாமலிருந்ததே நன்று என்று ஆகிவிடும்.

ஆகவே கூழுக்கு நிலம் தேடவேண்டியதாயிற்று. முதலில் கைகொடுத்தவர்கள் டீச்சரம்மாதான். அவர்கள் தோட்டத்தில் கிணற்றுக்கு எதிர்மூலையில் நாலு தென்னையும் பத்துப் பன்னிரண்டு வாழையும் இருக்கின்றன. முதிர்ந்த தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 முதல் 50 கிலோ வரை மக்கிய எரு இடலாம் என்பது தென்னை வளர்ப்போர் அறிந்தது. அது எங்கள் வரவில் ஒரு சிறு துளி. மிச்சத்தை நேமம் பக்கத்தில் வாழை பயிரிடும் ஒருவர் வாரந்தோறும் ஆட்டோவில் பீப்பாய் கொண்டுவந்து எடுத்துச்செல்ல இசைந்தார். அவ்வளவும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாட்டுக்கு நிலம் இருந்தது. இரண்டாவது மாட்டுக்கு இல்லை.

அதை அன்னையாரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. காகிதத்தைக் காட்டி எண்களை ஒவ்வொன்றாய்ப் படித்தேன். அவர்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "எதைக் கொடுக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார்கள். மூத்த பசுவைப் பூதப்பாண்டிக்கு அப்பால் வயல் வைத்திருக்கும் என் மாமா வீட்டுக்கு அனுப்பினோம். வண்டியில் ஏற்றும்போது அன்னையார் வாசலுக்கு வரவில்லை; அதன்பின் ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

சிமெண்டுத் தரையைச் சற்றுச் சரித்து, கோமியம் முழுவதும் ஒரு மூடிய தொட்டியில் சேரும்படி செய்தோம். அதில் உலர்ந்த சருகையும் தென்னைநார்க் கழிவையும் போட்டு ஊறவைத்து வாரம் ஒருமுறை மாற்றுகிறோம். எரு வைக்கும் இடத்தை மனையின் மறுகோடிக்கு மாற்றி, வெட்டுகல்லால் மேடை கட்டித் தகரக் கூரை வேய்ந்தோம். வாயுக்கலத்துக்குப் போக மிஞ்சும் சாணத்தைத் தும்பூர்மூழி முறையில் மக்கவைக்கிறோம். இம்முறையைப் பற்றி நம் அன்பர்கள் அறிவது நலம். திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்மூழியில் உள்ள மாட்டுப் பண்ணையில், கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது இது. நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரமுள்ள பெட்டி. பக்கங்களில் காற்றுப் புக இடைவெளி. ஓர் அடுக்குப் பச்சைச் சாணம், ஓர் அடுக்குச் சருகு, ஓர் அடுக்குக் கழிவு என்று மாற்றி மாற்றி நிரப்பவேண்டும். உள்ளே சூடு 70 பாகை வரையில் ஏறும். கிருமிகளும் களைவிதைகளும் அழியும். சுமார் 90 நாளில் எரு ஆகிவிடும். காற்றுப் படுவதால் மீத்தேன் குறைவு, வாடையும் இல்லை.

2011 டிசம்பரில் விளப்பில்சாலைக் குப்பை ஆலை ஊர்மக்களின் எதிர்ப்பினால் மூடப்பட்டபின், இந்நகரம் தன் குப்பையைத் தன் தெருவிலேயே தீர்க்கவேண்டிய நிலைக்கு வந்தது. அப்போது நகராட்சி பல இடங்களில் நிறுவியவை இத்தும்பூர்மூழிப் பெட்டிகளே. இதில் ஒரு வேடிக்கை: பெட்டி வேலை செய்யச் சாணம் வேண்டும். மாடுகள் போய்விட்ட நகரத்தில் சாணத்துக்கு இப்போது கிராக்கி. மாடிமேல் தொட்டிச்செடி வளர்ப்போர் உலர்ந்த சாணப்பொடியைப் பொட்டலமாய் விலைகொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்களும் இரண்டு மலையாளக் குடும்பங்களும் தங்கள் சமையற்கழிவை எங்கள் பெட்டிக்கே கொண்டுவருகின்றன. அன்னையார் அடுக்கு வைப்பதை மேற்பார்வை பார்க்கிறார்கள். சருகு குறைந்தால் சத்தம் போடுகிறார்கள். என்னோடு பேச்சு மீண்டது அந்தச் சருகின் பொருட்டேதான்.

டீச்சரம்மாவின் கிணற்றைக் கோடையில் இறைத்துச் சுத்தம் செய்தோம், செலவு எங்களுடையது. மண்ணில் இறங்கியது ஒரே மழையில் வெளியேறிவிடாது என்று பரிசோதனைச் சாலையில் சொன்னார்கள். இவ்வாண்டு இடவப்பாதிக்குப் பிறகு எடுத்த நீரில் நைட்ரேட் குறைந்திருக்கிறது. ஆனால் இன்னும் 45-க்குக் கீழ் வரவில்லை. பேத்திக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கிணற்று நீர் வாழைக்குப் போகிறது. துலாவர்ஷம் ஓய்ந்தபின் மீண்டும் நீர் எடுக்கவேண்டும். புட்டியை இப்போதே கழுவி வெயிலில் வைத்திருக்கிறார்கள் டீச்சரம்மா.